நான்கு ராஜாக்களும் ஒரு லாடமும்

அந்தக் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவளை எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் அவளுடைய சொந்த அண்ணன். அவர் உள்ளேயிருந்து "தங்கச்சி, அடுத்தது யாரு?" என்று கூவுவதைக் கேட்டுக் கேட்டு, பூனை கொண்டுவருபவர், மருந்து கொண்டுவருபவர், தண்ணீர் கேன் போடுபவர் எல்லோருக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். பல் விழுந்த பெரியவரும் தங்கச்சி என்றார். அவருடைய பேத்தியும் தங்கச்சி என்றாள்.

டாக்டர் தம் நோயாளிகளிடம் நிறையப் பேசுவார். அவர்களைக் கூட்டிவந்த மனிதர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். நாயின் காதருகே குனிந்து நாட்டு நடப்பெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நிமிர்ந்து அதன் சொந்தக்காரரிடம், "வாயு. போங்க" என்பார்.

மருந்துக் கவுன்ட்டரில் டாக்டரின் மனைவி, அதாவது அண்ணி. அண்ணிக்கும் தங்கச்சிக்கும் இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கும் கட்டுப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் தம் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி இணையத்தில் வீடியோ பார்த்து டேட்டாபேஸ் கற்றுக்கொண்டாள். கற்ற சூட்டோடு, மருத்துவமனைக்கு வரும் எல்லா விலங்குகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். விலங்குகளுக்கு ஒரு டேபிள், அதாவது கட்டம் போட்ட ஒரு பட்டியல், சொந்தக்காரர்களுக்கு ஒரு டேபிள், எந்த விலங்குக்கு என்ன வேலை பாக்கி என்று ஒரு டேபிள். மூன்றையும் சேர்த்து ஒரு பொத்தானைத் தட்டினால், மறுநாள் வரவேண்டியவர்களுக்கெல்லாம் தானாகவே மெசேஜ் போய்விடும்.

"இனிமே யாருக்கும் போன் பண்ணவே வேண்டாம்ணே. எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றாள்.

"ம்" என்றார் டாக்டர்.

"அதுவே பாத்துக்கிச்சுன்னா நீ என்ன பாப்ப?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி கேட்டாள்.

பொத்தானைத் தட்டிய மறுநாள் காலை, முதலில் வந்தவர் குதிரைப் பயிற்சிக்காரர். கதவைத் திறக்கவில்லை, தள்ளினார்.

"யாருங்க என் ராஜாவுக்குக் கருத்தடை பண்ணச் சொன்னது? வெறும் வயித்துல கூட்டிட்டு வரணுமாமே! என் பொழப்பே அவன்தான். அவனுக்குப் பொறந்த குட்டிங்கதான் பந்தயத்துல ஓடுது!"

அவர் மூச்சு வாங்குவதற்குள் பயில்வான் உள்ளே வந்தார். ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவர். இப்போது ஒரு புல்டாக் வளர்க்கிறார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, எங்க ராஜாவுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் செய்யற பரிசோதனைன்னு வந்திருக்கு. அவன் ஆம்பளைம்மா. ஆறு வருஷமா ஆம்பளை. ராத்திரி பூரா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

பின்னாலேயே தையல்காரர் தம் பூனையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெயர் வைத்த நாளில் ஆண் என்று நினைத்து ராஜா என்று வைத்துவிட்டார்கள். ராஜா போன வாரம்தான் நான்கு குட்டி போட்டிருந்தது. அதற்கு அலகு தேய்க்க வரச் சொல்லி மெசேஜ். "அலகுன்னா எதுங்க? மூக்கா?" என்று அவர் பணிவாகக் கேட்டார்.

கடைசியில், இத்தனை கூச்சலுக்கும் நடுவே, ஒல்லியான ஒரு பெண் துணி போர்த்திய கூண்டோடு வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். "கிளிங்க. லாடம் அடிக்கக் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தீங்க."

டாக்டர் எட்டிப் பார்த்தார். கிளியின் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் காலுக்கு லாடமா? மோதிரம்தான் போடணும்" என்று கிளியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம், "வேண்டாம். போங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் போனது அவள் ஒருத்திதான்.

நடந்தது இதுதான். ராஜா என்ற பெயரில் நான்கு விலங்குகள். நான்குக்கும் ஆளுக்கொரு வேலை பாக்கி. நான்கு வேலையும் நான்கு ராஜா வீட்டுக்கும் போய்ப் பதினாறு மெசேஜ் ஆகிவிட்டது. ராஜாக்கள் கதை இப்படியென்றால், ஊரில் இருந்த ஜிம்மிகளின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கச்சி நேராகத் தரவுத்தள உதவிக் களம் என்ற இணைய மன்றத்துக்குப் போனாள். அங்கே தெரியாததைக் கேட்கலாம், தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெயர் கேட்ட இடத்தில் தங்கச்சி என்றே போட்டுக்கொண்டாள். தலைப்பில் 'அவசரம்!!! தயவுசெய்து உதவுங்க' என்று எழுதினாள். கீழே ஒரே வரி. 'சேர்த்தா அதிகமா வருது. என்ன பண்றது?'

எழுதும்போதே வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம். உள்ளேயிருந்து டாக்டர், "எதை?" என்றார்.

"டேபிளைச் சேர்த்தாண்ணே."

"எக்ஸ்ரே டேபிளையா? அத ஏன் நகர்த்தற?"

"நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே."

களத்தில் முதல் பதில் உடனே வந்தது. எழுதியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் முந்திரிக்கொட்டை. அந்தப் பெயரை அவர் தெரிந்துதான் வைத்துக்கொண்டார் என்பது போகப் போகப் புரிந்தது. கேள்வி முழுதாக ஏறுவதற்கு முன்பே அவருடைய பதில் இறங்கிவிடும். 'டிஸ்டிங்க்ட் போடுங்க தங்கச்சி சார். சரியாயிடும்.' ஒரே மாதிரி வரிகள் பலமுறை வந்தால் ஒரு முறை மட்டும் காட்டச் சொல்லும் வார்த்தை அது.

போட்டுப் பார்த்தாள். பதினாறு பதினாறாகவே இருந்தது. பதினாறும் வேறு வேறு மெசேஜ் ஆயிற்றே. 'போட்டேன். வேலை செய்யலை' என்று எழுதினாள்.

'எனக்கும் இதே பிரச்சனைதான்' என்று குளிர்கண்ணாடி என்ற ஒருவர் எழுதினார். என்ன பிரச்சனை என்று அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் முற்றுப்புள்ளி என்பவர் வந்தார். கேள்விக்குறியே பயன்படுத்தாதவர். 'எது வேலை செய்யவில்லை. எந்த டேட்டாபேஸ். என்ன எழுதினீர்கள். என்ன வந்தது. என்ன வர வேண்டும்.'

தங்கச்சிக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத ஒரு ஆள் போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கிறாரே என்று கோபம். 'உதவ மனசு இருந்தா உதவுங்க சார். இல்லன்னா சும்மா இருங்க' என்று எழுதினாள். முற்றுப்புள்ளி ஒரே ஒரு புள்ளியைப் பதிலாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

முந்திரிக்கொட்டை விடவில்லை. 'புரிஞ்சுபோச்சு! ஒரே பேர் திரும்பத் திரும்ப ஏறியிருக்கு. ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிடுங்க' என்று எழுதி, அழிப்பதற்கான கட்டளையையும் கூடவே கொடுத்திருந்தார். இவரல்லவா மனிதர் என்று தங்கச்சி நினைத்தாள். அப்படியே எடுத்து ஒட்டினாள். தட்டினாள்.

பிரச்சனை தீர்ந்தது. மறுநாளைக்கு ஒரே ஒரு ராஜாவுக்குத்தான் மெசேஜ் போனது. ஏனென்றால் மருத்துவமனையில் இப்போது ஒரே ஒரு ராஜாதான் இருந்தது. ஒரு நாட்டுக்கு எத்தனை ராஜா என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டதோ என்னவோ, புல்டாக்கை மட்டும் வைத்துக்கொண்டு குதிரை, பூனை, கிளி மூன்றையும் அழித்துவிட்டது. ஜிம்மிகளிலும் ஒன்றுதான் மிச்சம். அதுவும் ஒரு முயல்.

இது தெரியவந்தது குதிரைக்காரர் லாடம் அடிக்க வந்தபோது. போன தடவை எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துச் சொல்லும்படி டாக்டர் கேட்டார். தங்கச்சி தேடினாள். மறுபடியும் தேடினாள்.

"அண்ணே, குதிரை இல்லண்ணே."

டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். குதிரை அவரையே பார்த்துக்கொண்டு வேலியைக் கடித்துக்கொண்டிருந்தது. "இருக்கே" என்றார்.

"கம்ப்யூட்டர்ல இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.  

தங்கச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே களத்தைத் திறந்தாள். விவரம் போதவில்லை என்றுதானே அந்த ஆள் குற்றம் சொன்னார்? இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வைக்கும் யோசனை எப்படி வந்தது என்பதில் ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் வாங்கிய கதை, ஜன்னலோரம் இருந்த தன் மேசையை வெயில் படும் என்று சாக்குச் சொல்லி அண்ணி மூலைக்குத் தள்ளிய கதை, தான் வெள்ளை நாற்காலி கேட்டதற்கு "பொட்டி தட்டறதுக்கு எந்த நாற்காலியா இருந்தா என்ன?" என்று அண்ணி கேட்டது, அதற்குத் தான் சொன்ன பதில், அதற்கு அண்ணி சொன்ன பதில், அண்ணன் வழக்கம்போல 'ம்' என்றது எல்லாம் எழுதினாள். குதிரைக்காரர் கதவைத் தள்ளியதையும், பயில்வான் கலங்கியதையும் மனம் உருகும்படி விவரித்தாள். 'இப்படியாக நான் நிர்க்கதியாக நிற்கிறேன்' என்று முடித்தாள்.

களம் முழுக்கப் படித்தது. பதில்கள் குவிந்தன.

'மேசையை நகர்த்தியது தப்பு' என்றார் ஒருவர். 'வெயில் பட்டா கம்ப்யூட்டர் கெட்டுப்போகும், அவங்க நல்லதுக்குத்தானே சொன்னாங்க?' என்றார் இன்னொருவர். 'முழுசாப் படிச்சேன். உங்க அண்ணி பக்கம்தான் நியாயம்' என்று குளிர்கண்ணாடி தீர்ப்பு எழுதினார். அதை நிறையப் பேர் ஆமோதித்தார்கள். முந்திரிக்கொட்டை, 'கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுப் போடுங்க' என்றார்.

முற்றுப்புள்ளியும் வந்தார். 'நன்றாக எழுதுகிறீர்கள். பயில்வான் பகுதியில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இதில் கேள்வி எங்கே இருக்கிறது. எந்த டேபிளில் என்ன இருக்கிறது. நகல் ஏதும் வைத்திருக்கிறீர்களா.'

தங்கச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஒரு ஆள் பதற்றமாகப் பேசினார்.

"ஹலோ, அது சாப்பிட மாட்டேங்குதுங்க. என்ன மருந்து குடுக்கலாம்?"

"எதுங்க?"

"அதாங்க, எங்க வீட்டுல இருக்கறது."

"சார், உங்க வீட்டுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாயா, பூனையா, மாடா? வயசு என்ன? எப்போலேருந்து சாப்பிடல? வழக்கமா எவ்வளவு சாப்பிடும், இப்ப எவ்வளவு சாப்பிடுது? நீங்களா ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஆமைங்க. குளிர் ஆரம்பிச்சதுலேருந்தே சாப்பிடல. கண்ணு தெறக்கல, காலை நீட்டல, ஓட்டுக்குள்ளயே கெடக்கு."

"சார், அது தூங்குது. குளிர் போனா எந்திரிக்கும். மருந்து கிருந்து குடுத்து எழுப்பிடாதீங்க." போனை வைத்தவள், வைத்த கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமைங்கற ஒரு வார்த்தைய மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்? மொட்டையா அது, அதுன்னா நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?"

சொல்லிவிட்டுத் திரும்பினால் எதிரே திரை. திரையில் முற்றுப்புள்ளியின் பழைய வரி இன்னும் இருந்தது. என்ன எழுதினீர்கள். என்ன வந்தது. என்ன வர வேண்டும்.

 தங்கச்சி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்றாவது தடவையாக எழுத ஆரம்பித்தாள். முதல் வரியை நான்கு முறை அழித்தாள். அண்ணியைப் பற்றி ஒரு வாக்கியம் தானாகவே வந்து விழுந்தது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

தலைப்பு, 'ஒரே பெயருள்ள விலங்குகளின் மெசேஜ் எல்லார் வீட்டுக்கும் போகிறது.' எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்று எழுதினாள். மூன்று டேபிள்களிலும் என்னென்ன கட்டங்கள் என்று எழுதினாள். தான் போட்ட கட்டளையை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டினாள். உதாரணத்துக்கு, அழிவதற்கு முன் அச்செடுத்திருந்த தாளைப் பார்த்து நான்கு ராஜாக்களையும் அடித்தாள். 'நான்கு வரி வர வேண்டும், பதினாறு வருகிறது. டிஸ்டிங்க்ட் போட்டும் பதினாறுதான். பிறகு முந்திரிக்கொட்டை சொன்னபடி அழித்தேன். இப்போது விலங்குகளையே காணவில்லை' என்று முடித்தாள்.

மருந்துக்காரர் ஒருவர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்குள் முற்றுப்புள்ளியின் பதில் இருந்தது.

'வேலைகள் டேபிளில் விலங்கின் பெயர் மட்டும் இருக்கிறது. நீங்கள் பெயரை வைத்துச் சேர்க்கிறீர்கள். ராஜா என்றால் எந்த ராஜா என்று அதற்கு எப்படித் தெரியும். ஒவ்வொரு விலங்குக்கும் எண் இருக்கிறதே. வேலைகள் டேபிளிலும் அந்த எண்ணைப் போட்டு, எண்ணை வைத்துச் சேருங்கள். அழித்ததை நகலிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று. உதாரணத்துக்கு நிஜமான போன் நம்பர்களைப் போட்டிருக்கிறீர்கள். முதலில் அதை எடுங்கள்.'

கீழே இன்னொரு வரி. 'இரண்டாவது வரியில் இருக்கும் கிளி என்னுடையது.'

தங்கச்சி நாற்காலியோடு பின்னால் போனாள். துணி போர்த்திய கூண்டும், அந்தக் கேட்காத குரலும் நினைவுக்கு வந்தன. இத்தனை நாளும் சார், சார் என்று சண்டை போட்டது அந்தப் பெண்ணிடமா! அவசர அவசரமாகப் போன் நம்பர்களை அழித்தாள். ஆனால் முந்திரிக்கொட்டை முந்திக்கொண்டுவிட்டார். பயில்வானைப் போனில் கூப்பிட்டு, "சார், உங்க நாயை நான்தான் காப்பாத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லி, களத்தின் முகவரியையும் அனுப்பி, அவரை இன்னொரு முறை கலங்கவைத்திருந்தார்.

இனி நகல் வேண்டும். தங்கச்சியிடம் நகல் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அண்ணி, நீங்க ஏதாவது..."

"வருவேன்னு தெரியும்" என்றாள் அண்ணி. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து, ஊசி மருந்துப் புட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். சில்லென்று இருந்தது. "வாரா வாரம் உன் பொட்டியிலேருந்து எடுத்து வச்சிடுவேன். அதுமேல எனக்கு என்னைக்கு நம்பிக்கை இருந்துச்சு?"

"பென் டிரைவ ஏன் அண்ணி குளிர்பெட்டியில வச்சீங்க?"

"கெட்டுப்போகாம இருக்கத்தான்."

 தங்கச்சி பென் டிரைவை முந்தானையில் துடைத்து, சூடேறும்வரை கையில் பிடித்திருந்து, செருகினாள். குதிரை வந்தது. பூனை வந்தது. கிளி வந்தது. ஜிம்மிகள் மொத்தமாக வந்தார்கள். எண்ணை வைத்துச் சேர்த்துத் தட்டினாள். ராஜாக்களுக்கு நான்கே வரி. "அண்ணே, நாலு!" என்று கத்தினாள். உள்ளே டாக்டர் அதை ஒரு ஆட்டுக்குட்டியிடம் தெரிவித்தார்.

அலகு தேய்க்க வேண்டிய நாளில் முற்றுப்புள்ளி வந்தாள். இந்த முறை கூண்டின் மேல் துணி இல்லை. தங்கச்சி எழுந்து நின்று, "சார்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கக்கா. அன்னைக்குக் கொஞ்சம் காரமா எழுதிட்டேன்."

"பரவால்லங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நேர்ல பேச எனக்கு வராது. அங்கதான் கொஞ்சம் தைரியம்."

கிளிக்கு அந்தக் கூச்சம் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் அவள் முணுமுணுப்பதைக் கேட்டு வளர்ந்த கிளி. டாக்டர் கையில் எடுத்ததும், "என்ன எரர்? முழுசா சொல்லு! என்ன எரர்?" என்று கத்தியது. டாக்டர் மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளி அவரைத் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கிளிக்கு அலகு ஏன் வளர்கிறது, எப்படித் தேய்ப்பது, எப்போது மறுபடி வர வேண்டும் என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். அந்தப் பெண் அதையெல்லாம் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது என்று தங்கச்சி நினைத்திருந்தபோது, ஒரு மத்தியானம் கண்ணாடித் தடுப்பு டக் டக்கென்று தட்டப்பட்டது. அண்ணி தன் போனைத் தடுப்பில் ஒட்டிப் பிடித்திருந்தாள். திரையில் தங்கச்சியின் இரண்டாவது கேள்வி, மேசைக் கதை, நாற்காலிக் கதை, எல்லாம்.

"யாரு அனுப்பினா அண்ணி?" என்றாள் தங்கச்சி. 

"பயில்வான். அவரு அழுத எடத்தக் காட்டறதுக்கு அனுப்பினாரு. நான் முழுசாவே படிச்சேன்."

"அது வந்து அண்ணி, அப்ப எனக்கு மனசு சரியில்ல..."

"இரு. மேசைய நான் எதுக்கு நகர்த்தினேன்னு நீ சரியாவே எழுதல. வெயிலு மட்டும் காரணமில்ல. அந்த ஜன்னல் ஒழுகும். அத விட்டுட்ட." அண்ணி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகத்தில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்டவள்போல இருந்தாள். "அப்படியும் நூத்துக்கு மேல ஆளுங்க என் பக்கம்தான் நியாயம்னு சொல்லியிருக்காங்க. இந்தக் குளிர்கண்ணாடிங்கறது யாரு? ரொம்ப விவரமான ஆளா இருக்கணும். அவருக்கு நன்றி சொல்லணும். இதுல எப்படிச் சேர்றது?"

தங்கச்சி கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அண்ணிக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். பெயர் கேட்ட இடத்தில் என்ன போடுவது என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மாத்திரை வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.